ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்

— கையை எடுத்துடாதீங்க முதலாளி! இம்மி கூட அசையக் கூடாது. துணியோட சேத்து உள்ளங்கையை வச்சு நல்லா அழுத்துங்க.

— அழுத்திக்கிட்டுத்தான்மா இருக்கேன்! இன்னும் எவ்வளவு நேரம் அழுத்துறது? தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. உன் பம்பு ஓடுதா, இல்ல சும்மா சத்தம் மட்டும் போடுதா?

— நல்லா ஓடுது. ஆனா பம்பு இறைக்கிறதை விட உள்ள வர்றது ஜாஸ்தி. அதனாலதான் உங்களையே இன்ஜின் அறைக்குள்ள இறங்கச் சொன்னேன். உங்க கை மட்டும் இல்லேன்னா இந்நேரம் படகு கடலடியில உக்காந்திருக்கும்.

— வெள்ளைச் சட்டை, புதுச் சட்டை. பன்னெண்டு மணிக்குப் பரிசோதகர் வர்றாரு, புரியுதா? ஆள் ஏத்துறதுக்கு லைசென்ஸ். இன்னிக்கு விட்டா இன்னும் ஆறு மாசம் நான் காத்துக் கிடக்கணும்.

— சட்டை போனா துவைச்சுக்கலாம். ஆமா, ஓட்டை கைக்குச் சரியாத் தட்டுப்படுதா?

— ஒண்ணும் தெரியல. அடியில ஒரே எண்ணெய்க் கசடு. பைப்போட வாய் வட்டமா கையில படுது, அவ்வளவுதான். ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி குத்துது.

— அதேதான். இன்ஜின் சூடாகாம இருக்க கடல் தண்ணியை உள்ள இழுக்கிற பைப்பு. பழைய பைப்பு, உடைஞ்சா அப்படித்தான் குத்தும். கையைத் தளர்த்திப் பாத்துடாதீங்க. ஒரு தடவை விட்டீங்கன்னா வர்ற வேகத்துக்குத் திரும்பப் பிடிக்கவே முடியாது.

— தெரியும், தெரியும். எனக்கே பாடம் எடுக்காதே. ஓட்டையை அடைக்கிற ஆப்பு என்னாச்சு? ஒரு மரக்கட்டையைச் சீவிக் குடுக்க அந்த ஆசாரிக்கு எத்தனை நாள் வேணும்?

— சீவிக்கிட்டிருக்காரு. பைப்பு வாய்க்குக் கச்சிதமா இருக்கணும்ல. அவசரப்பட்டா காரியம் கெட்டுடும், முதலாளி.

— முன்பக்கம் களகளன்னு ஒரு சத்தம் கேக்குதே, அது என்ன?

— பலகை இடுக்கா இருக்கும். அதை நான் பாத்துக்கறேன். உங்க வேலை கையில இருக்கு, அதைப் பாருங்க.

— ஏம்மா பம்பு, நீ கொஞ்சம் இறங்கி வந்து ஒரு பத்து நிமிஷம் பிடியேன். எனக்குத் தோள்பட்டை விட்டுப் போகுது.

— நான் இறங்கிட்டா பம்பை யாரு பாக்கிறது? அது ஒரு சண்டி மாடு. பக்கத்துல ஆள் இல்லேன்னா படுத்துக்கும்.

— மேல யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சே.

— வெல்டருக்கு இருமல்.

— நீ இந்தப் படகுத் துறைக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?

— ரெண்டு வருஷம். ஒரு நாள் கூட நீங்க என் பேரைக் கேட்டதில்ல. பம்பு, பெயின்ட்டர், வெல்டர்... உங்களுக்கு நாங்க எல்லாம் சாமான்தானே.

— அட, இப்ப போய் இதெல்லாம் ஒரு பேச்சா? அன்பாக் கூப்பிடுறதும்மா அது.

— சரி, அன்பாவே இருக்கட்டும். ஆப்பு வர்ற வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டிருப்போம், வலி தெரியாது. இந்தப் பைப்பு இதுக்கு முன்னாடியும் ஒரு தடவை உடைஞ்சிருக்குதாமே?

— யாரு சொன்னா?

— துறையில தெரியாதவங்க யாரு? ஒன்பது வருஷம் ஆச்சாம். இதே படகு, இதே இடம். படகு முழுசா முங்கி, கிரேன் வச்சுத் தூக்கினீங்களாம். அப்புறம் பெயின்ட் அடிச்சு, பேரை மாத்தி, சாமி கும்பிட்டு எல்லாம் பண்ணீங்க. பைப்புக்கு மட்டும் ஒரு வால்வு போடல. தாரும் துணியும் சுத்தியே ஒன்பது வருஷத்தை ஓட்டியிருக்கீங்க.

— போடணும் போடணும்னு நினைச்சேன், மறந்து போச்சு. ஆனா அன்னிக்குப் படகு முங்கினது பைப்பால இல்ல, புரியுதா? ஒரு குடிகாரனால. முங்கின்னு சொல்வாங்க.

— அந்தப் பேரு அதுக்கு முன்னாடியே இருந்துச்சா, பின்னாடி வந்துச்சா?

— பின்னாடிதான். படகை முங்க வச்சவன் முங்கி. நான்தான் வச்சேன், ஒரு பேச்சுவாக்குல. துறை முழுக்கப் பிடிச்சுக்கிச்சு.

— நல்லாத்தான் பிடிச்சுக்கிச்சு. பள்ளிக்கூடம் வரைக்கும் போச்சு. அவர் பொண்ணை வாத்தியாரே முங்கி பொண்ணுன்னுதான் கூப்பிட்டாராம். சரி, என்ன பண்ணினான் அந்தக் குடிகாரன்?

— பைப்பைப் பிடிச்சுக்கிட்டு இருடா, ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு, நான் ஆப்பு எடுக்கப் போனேன். திரும்பி வந்தா படகு இல்ல, கொடிக்கம்பம் மட்டும் வெளிய தெரியுது. அவன் கரையில மல்லாந்து கிடக்கான். குடிச்சுட்டு அப்படியே தூங்கியிருக்கான். என் உப்பைத் தின்னுட்டு எனக்கே குழி பறிச்சான்.

— உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்.

— கரெக்டாச் சொன்னே. ...ஏம்மா, சுண்டு விரல்ல உணர்ச்சியே இல்லை. மரத்துப் போச்சு.

— முதல்ல சுண்டு விரல்தான் போகும். அடுத்தது மோதிர விரல். அப்புறம் நடுவிரல்ல ஊசி குத்துற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு அதுவும் இருக்காது. அதுக்கப்புறம் கையே நம்மளுது இல்லாத மாதிரி ஆயிடும், எங்கே வச்சிருக்கோம்னு தெரியாது. இதெல்லாம் அஞ்சு மணி நேரக் கணக்கு. உங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட ஆகலையே!

— உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

— எங்க வீட்டுல ஒருத்தருக்கு ஆச்சு.

— யாருக்கு?

— எங்க அண்ணனுக்கு. ரம்பம் மாதிரி குத்துதுன்னீங்களே, அந்த ஓரம் அவர் உள்ளங்கையைக் கிழிச்சு, அஞ்சு மணி நேரம் எண்ணெய்க் கசடுல ஊறி, சீழ் பிடிச்சு, பதினஞ்சாம் நாள் மூணு விரலை எடுத்தாங்க. மிச்சம் ரெண்டு இருக்கு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும். சட்டைப் பட்டனை எங்க அண்ணிதான் போட்டு விடுறாங்க.

— நீ... நீ அவன் தங்கச்சியா?

— கூடப் பிறந்தவதான்.

— அடிப்பாவி! வேணும்னே என்னை இறக்கி விட்டிருக்கே! ஆசாரி, ஆப்பு, எல்லாம் பொய்யா? நான் மட்டும் இப்ப மேல வந்தேன்னா...

— வாங்களேன். யாரு தடுத்தா? ஏணி இருக்கு. மூடியும் திறந்துதான் இருக்கு. கையை எடுத்துட்டு ஏறி வாங்க. படகுதானே போகும்? உசுரு போகாதே.

— என் படகும்மா இது! விட்டுட்டு எப்படி வர்றது?

— அதானே. எங்க அண்ணனும் இப்படித்தான் விட்டுட்டு ஏறி வந்திருக்கலாம். விரல் பிழைச்சிருக்கும், பேரும் பிழைச்சிருக்கும். ஏன் வரல, தெரியுமா? முதலாளி சொல்லிட்டுப் போயிருக்காரு, வந்துடுவாரு. இதையேதான் ஆஸ்பத்திரியிலயும் பிதற்றிக்கிட்டே கிடந்தாரு. உங்களுக்குப் படகு மேல ஆசை, பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. அவருக்குப் படகும் சொந்தமில்ல, ஒண்ணும் சொந்தமில்ல. உங்க வார்த்தையை நம்பிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு, தண்ணி மூக்குக்கு மேல போற வரைக்கும்.

— இதோ பாரும்மா. நடந்தது நடந்து போச்சு. நாளைக்கே உங்க அண்ணனை வரச் சொல்லு. வேலை போட்டுத் தர்றேன். மரியாதையான வேலை, உக்காந்த இடத்துல வேலை.

— வேலை யாரு கேட்டா? ஒன்பது வருஷமா அவர் அந்தக் கேட்டைத் தாண்டி உள்ள வந்ததில்ல. எதிர்ல துறை ஆள் யாராவது வந்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறிப் போயிடுவாரு. வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சதில்ல அந்த மனுசன், குடிகாரன்னு பேரு வாங்கினாரு. அவர் தலை நிமிந்து அந்த கேட் வழியா உள்ள நடந்து வரணும். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.

— வரட்டும், தாராளமா வரட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

— நீங்க சொல்லணும் முதலாளி! அன்னிக்கு என்ன நடந்துச்சோ அதை உங்க வாயால சொல்லணும், சத்தமாச் சொல்லணும். மேல வெல்டர் நிக்கிறாரு, பெயின்ட்டர் ரெண்டு பேரு, ஆசாரி, ஸ்டோர்காரரு, வாட்ச்மேன், டீ கொண்டு வந்த அம்மா, எல்லாரும் நிக்கிறாங்க. சொல்லி முடிச்சதும் நான் போய் ஆப்பு எடுத்துட்டு வரேன்.

— இது மிரட்டல்!

— ஆமா, மிரட்டல்தான். தண்ணி எங்கே இருக்கு?

— நெஞ்சுக்கு வந்துடுச்சு. சரி, சரி, சொல்றேன். ஆப்பு எடுக்கப் போனேன். ஸ்டோர் பூட்டியிருந்துச்சு. அதான் லேட்டாச்சு.

— ஸ்டோர்காரரு தலையாட்டுறாரு. இல்லேன்னு ஆட்டுறாரு. அன்னிக்கு முழுக்க அவர் கடையிலதான் இருந்தாராம். நீங்க அந்தப் பக்கமே வரலையாம்.

— அவருக்கு வயசாச்சு, ஞாபகம் இருக்காது.

— உங்க அப்பாவோட முதல் படகுக்கு எத்தனை ஆணி குடுத்தார்ங்கிற வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கு. அடுத்த பொய்யைச் சொல்லுங்க.

— வழியில ஒரு சொந்தக்காரர் பிடிச்சுக்கிட்டாரு. பேச்சு வளந்து போச்சு...

— அஞ்சு மணி நேரமா?

— ஆமா.

— அந்தச் சொந்தக்காரர் பேரு?

— பேரு... வாயிலயே இருக்கு, வரமாட்டேங்குது.

— நான் ஒண்ணும் போலீஸ் இல்ல முதலாளி. எனக்கு வெறும் கோவம்தான், ஒன்பது வருஷக் கோவம். அது பசி மாதிரி இல்ல, சாப்பிட்டா அடங்கிடும்னு சொல்றதுக்கு. நீங்க பொய் சொல்லச் சொல்ல நான் இங்கேயே உக்காந்து டீ குடிப்பேன். சர்க்கரை கொஞ்சம் கம்மி, ஆனா சூடா இருக்கு.

— பிடிவாதக்காரி! சரி, சொல்லித் தொலைக்கிறேன். சலூனுக்குப் போனேன்.

— எங்கே?

— சலூனுக்குப் போனேன்!

— மேல கேக்கலையாம். சத்தமா.

— சலூன்! முடி வெட்டுற சலூன்! போற வழியில கண்ணாடியில முகம் பாத்தேன், காதுகிட்ட நரை தெரிஞ்சுது. சாயங்காலம் ஒரு விசேஷத்துக்குப் போகணும். ரெண்டு நிமிஷத்துல தலைக்கு ஒரு டை போட்டுக்கலாம்னு உக்காந்தேன்.

— எங்க அண்ணன் ஓட்டைக்குள்ள கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போது.

— டை போட்டாச்சு. காயணும், அப்படியே சாஞ்சு உக்காருங்கன்னான். மேல ஃபேன் ஓடுது. முந்தின நாள் ராத்திரி சரியாத் தூங்கல...

— சொல்லுங்க.

— தூங்கிட்டேன்.

— மேல கேக்கல.

— தூங்கினது நான்தான்! போதுமா? அவன் தூங்கல. குடிக்கல. நான்தான் சலூன் நாற்காலியில தூங்கிட்டேன்! முழிச்சுப் பாத்தா மணி மூணு. சலூன்காரன் எழுப்பப் பயந்துக்கிட்டு விட்டுட்டான். எழுந்து, தலையைக் கழுவி, வெளிய வந்தப்புறம்தான்... அப்பதான் ஞாபகமே வந்துச்சு.

— என்ன ஞாபகம் வந்துச்சு? படகா, ஆளா?

— ...படகு.

— படகுதானா?

— ஆமாம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்ல? ஆப்பு எங்கே?

— இருங்க. கொஞ்சம் இருங்க, முதலாளி. ஒன்பது வருஷமா நான் வேற என்னமோ நினைச்சுக்கிட்டிருந்தேன். உங்களுக்கும் எங்க அண்ணனுக்கும் ஏதோ பகை இருந்திருக்கும், வேணும்னே விட்டுட்டுப் போயிருப்பீங்கன்னு. ராத்திரியெல்லாம் யோசிப்பேன், எங்க அண்ணன் உங்களை எதிர்த்து என்ன பேசியிருப்பாருன்னு. அப்படி ஒண்ணுமே இல்லையா? மறந்துதான் போனீங்களா?

— மறதிதான்மா. சத்தியமா மறதி. வேணும்னு பண்ணல.

— வேணும்னு பண்ணியிருந்தா கூட எனக்கு ஆறியிருக்கும். ஒரு மனுசனை நினைச்சுச் செஞ்சதா இருந்திருக்கும். நீங்க அவரை நினைக்கவே இல்ல. அடுப்புல பால் வச்சுட்டு மறக்கிற மாதிரி மறந்திருக்கீங்க. பால் வச்சவங்களாவது பொங்கின வாசனையில ஓடி வருவாங்க.

— தப்புதான். ஒத்துக்கறேன். மன்னிச்சுக்கோ.

— என்கிட்ட எதுக்கு?

— அவன்கிட்டயும் சொல்றேன். எங்கே இருக்கான் அவன்?

— அவன் இல்ல. அவர்.

— ...அவர்கிட்ட. அவர் எங்கே இருக்கார்?

— இதை நீங்க தூங்கி எழுந்ததுமே சொல்லியிருக்கலாம். படகுதானே போச்சு, தூக்கிட்டீங்க. அவர் பேரைத் தூக்க யாருமே வரலையே. உங்க தூக்கத்தை எடுத்து அவர் தலையில வச்சு, மேல குடியையும் ஊத்தி, பேரும் வச்சு அனுப்புனீங்க. அதையாவது மறந்து பண்ணினேன்னு சொல்லிடாதீங்க.

— இல்ல. அது... தெரிஞ்சுதான் பண்ணினேன். எனக்கு வேற வழி தெரியல. முதலாளி சலூன்ல தூங்கிட்டான்னா ஊரே சிரிக்கும்.

— இப்ப சிரிக்கல, பாருங்க. மேல ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பு இல்ல. வெல்டர் கூட இருமல.

— அம்மா, தாயே, விரல் எல்லாம் போச்சு. கை எங்கே இருக்குன்னே தெரியல எனக்கு. நீ கேட்டதைச் சொல்லிட்டேன், இனி என்னை ஏமாத்தாதே.

— ஏமாத்த மாட்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத் தெரியும்பாங்க, உங்களுக்குத் தெரிஞ்சாச்சு. ஆசாரி ஷெட்டுலதான் ஆப்பு இருக்கு, போய் எடுத்துட்டு வரேன். எல்லாரும் வாங்கப்பா, டீ ஆறுது. முதலாளி, நீங்க அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க. ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்.

— ஏய்! அதை மட்டும் சொல்லாதே! ரெண்டு நிமிஷம்னு சொல்லாதே! பம்பு! ஏம்மா! போயிட்டியா? யாராவது ஒருத்தர் இருங்கப்பா மேல! வெல்டர்! ஏ ஸ்டோர்காரரே! அய்யா ஸ்டோர்காரரே! கழுத்துக்கு வந்துடுச்சு! யாருமே இல்லையா?

— நான் இருக்கேன், முதலாளி.

— யாரது? வெளிச்சத்துல முகம் தெரியல. இப்படித் தள்ளி நில்லுங்க.

— தெரியுதா இப்ப? கொஞ்சம் நரைச்சுப் போச்சு எனக்கு. டை எல்லாம் போட்டுக்கறதில்ல.

— நீ... நீங்களா? எப்ப வந்தீங்க?

— நீங்க சலூன்னு கத்தும்போது கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தேன். தங்கச்சி அங்கேயே நில்லுன்னு சொல்லியிருந்தா. தூங்கினது நான்தான்னு சொன்னீங்க பாருங்க, அப்புறம்தான் உள்ள வந்தேன். வாட்ச்மேன் எழுந்து நின்னு கேட்டைத் திறந்து விட்டாரு.

— மன்னிச்சுக்கோங்க. ஏதோ கெட்ட நேரம், அப்படி ஆயிடுச்சு. முதல்ல ஒரு ஆப்பு கொண்டாங்க! ரெண்டு பேருமாச் சேந்து இந்தப் படகைக் காப்பாத்திடலாம்.

— கையை எடுத்துட்டு ஏறி வாங்க, முதலாளி.

— எடுத்தா படகு போயிடும்யா!

— போகாது. எடுங்க.

— உன் தங்கச்சி சொல்லிக் குடுத்தாளா? பழி வாங்குறியா? நான் எடுக்க மாட்டேன். செத்தாலும் எடுக்க மாட்டேன். த்தூ! த்தூ! வாய்க்குள்ள வேற போகுது... இரு. இதென்ன? கடல் தண்ணிதானே இது? உப்பே கரிக்கலையே!

— எப்படிக் கரிக்கும்? அது குடிக்கிற தண்ணி. நீங்க கார்ல வந்து இறங்குறதுக்கு முன்னாடியே, துறைக் குழாய்ல ஹோஸைச் சொருகி முன்பக்கத்துப் பலகைக்கு அடியில விட்டிருக்கா என் தங்கச்சி. அந்தக் களகளச் சத்தம் அதுதான். வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல. இப்பதான் நான் மூடிட்டு வந்தேன்.

— அப்ப இந்த ஓட்டை? இவ்வளவு நேரமா நான் எதைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்?

— ஒண்ணுமில்லாத பைப்பை. விடியும்போதே அது உடைஞ்சுடுச்சுன்னு தங்கச்சி போன் பண்ணினா, யாருக்கும் தெரியாம வேலி இடுக்கு வழியா வந்துட்டுப் போனேன். உள்ள இருந்த கடல் தண்ணி முழுக்க அவ இறைச்சா. வெளிப்பக்கம் அடியில முங்கி, ஆப்பு அடிச்சு, ஓட்டையை அடைச்சது நான்தான் முதலாளி. மிச்சமிருந்த ரெண்டு விரலே போதுமா இருந்துச்சு.